பின்னலுக்கு எட்டாத முடி

மறுபடியும் கண்ணிலேயே வந்து விழுகிறது, காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டால் ஒரு மூச்சு விடும் நேரம்கூட நிற்பதில்லை, இரண்டு கையிலும் மாவு, விரலிடுக்கிலெல்லாம் நெய், புறங்கையால் தள்ளினால் நெற்றியில் வெல்லப் பாகு ஒட்டிக்கொள்ளும், தள்ளாவிட்டால் முடி மாவில் விழும், பிள்ளையார் நோன்பு மாவில் முடி விழுவதைவிட அபசாரம் வேறு உண்டா... விசாலி தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கீழுதட்டை நீட்டி, மேல்நோக்கி ஊதிப் பார்த்தாள். முடி எழுந்து, அதே இடத்தில் திரும்ப விழுந்தது. காதோரம் வெட்டியிருந்தபோது இந்தத் தொல்லை இல்லை, இடுப்புக்குக் கீழே தொங்கியபோதும் இல்லை, இரண்டுக்கும் நடுவில், தோளைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் இந்த நீளத்துக்குத்தான் ஒரு பெயரும் இல்லை, ஒரு கட்டும் இல்லை. ரப்பர் போட்டால் பாதி முடி பின்கழுத்தில் நழுவிவிடுகிறது. கிளிப் போடலாம். போடலாம்தான், குளியலறை அலமாரியில் வாங்கி வைத்தவை கிடக்கின்றன, கையைக் கழுவிக்கொண்டு போய்த் தலைக்கு மேலே தூக்கிக் குத்திக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் கூடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் வீட்டில் இருக்கும்போது அவளுடைய வலது கை அவ்வளவு உயரத்துக்குப் போகக் கூடாது.

வெளியே மார்கழி மழை, சிங்கப்பூருக்கு எதிர்க்கரையிலிருக்கும் பெர்மாஸ் ஜெயாவின் தகரக் கூரைகளையெல்லாம் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. விளக்கு ஏற்றியாகிவிட்டது. ஐந்து வகைப் பொரியும் தட்டில் ஆறுகின்றன, ஆவாரம்பூ கிடைக்காத ஊரில் ஆவாரம்பூவுக்காக வைத்த ஏதோ ஒரு மஞ்சள் பூவும் பிள்ளையார் முன்னால் இருக்கிறது. கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக உருவிச் சேர்த்து, இருபத்தொன்றையும் ஒன்றாகத் திரித்த திரிகள் நெய்யில் ஊறுகின்றன. இனி மாவைக் கூம்பாகப் பிடித்து, உச்சியில் திரியைச் செருகி, கொளுத்தி, இழை என்று சொல்லும் அதை வீட்டுக்குப் பெரியவர் கையால் வாங்கி, எரியும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. பிறந்த வீட்டில் அப்பச்சி கொடுத்தார், இந்த வீட்டில் கணவர் மெய்யப்பன் கொடுக்கிறார். மகள் சாருமதி மட்டும் வந்துவிட்டால் போதும், அவள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு எல்லைப் பாலத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாள், 'இன்னும் கஸ்டம்ஸ் தாண்டலைமா, பஸ் அசையவே மாட்டேங்குது' என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். "வரட்டும், அவசரம் என்ன," என்றார் மெய்யப்பன். அவ்வளவுதான். சற்று முன் சமையலறைக்கு வந்து, முக்காலியைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். கேட்கவில்லை, அவராகவே வந்தார். முழங்கால் வலிக்காரர், முக்காலியில் ஏறும்போது அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாரே, அப்போதாவது சொல்லியிருக்கலாம், இறங்குங்க, நானே எடுத்துக்கறேன், எனக்கு எட்டும் என்று... ஏன் வாய் வரவில்லை?

தோள் இறுகிப்போனது முந்தின வருடம். முதலில் பின்னால் கொண்டுபோக முடியவில்லை, பிறகு பக்கவாட்டில் தூக்க முடியவில்லை, பிறகு சீப்பைப் பிடித்த கை காதுக்கு மேலே ஏறாமல் நின்றுவிட்டது. ஐம்பது வயதில் வருவதுதான், தானே விட்டுவிடும், ஆனால் அது மனம் வைக்கும்போதுதான் விடும் என்றார் மருத்துவர். அன்று இரவு மெய்யப்பன் தன் கடையிலிருந்து நைலான் கயிற்றுத் துண்டுகள் மூன்றைக் கொண்டுவந்து சன்னல் கம்பியில் கட்டி, எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். இரும்புச் சாமான் கடைக்காரர், எதையாவது கட்டிக்கொண்டுதான் இருப்பார் என்று அவளும் கேட்கவில்லை. மறுநாள் விடியலில் சமையலறை நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "சீப்பக் குடு," என்றார். முதல் பின்னல் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு கயிறு போலவே இருந்தது, அலுவலகத்தில் பிரவீனா, "யாரு அக்கா பின்னினது, கப்பல் கட்டுறவங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். விசாலி வீட்டில் அதைச் சொல்லவில்லை. நாளாக நாளாகக் கோணல் நிமிர்ந்தது. பின்னத் தொடங்கும் முன் கட்டைவிரலால் சீப்புப் பற்களை ஒருமுறை வருடுவார், கிர்ரென்று ஒரு சத்தம் வரும், அது வந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும், தலையைத் திருப்பினால் "ஆடாதே" என்பார். நாற்காலி சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. சுவரில் நாட்காட்டி, அதற்குக் கீழே எறும்பு போகும் ஒரு வெடிப்பு. அவர் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் அவருக்குத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் அவர் பேசினார். அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் பேசாதவர் என்றில்லை, சோறு போதும், கரண்ட் பில் கட்டியாச்சு, சாருமதிக்குப் பணம் அனுப்பியாச்சு, இவையெல்லாம் பேச்சு இல்லையா... ஆனால் அந்த நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்த குரல் வேறு. பாலோ ஊரில் படித்த காலத்தில் கூடப் படித்த ஒருவன் ஆற்றில் போய்விட்டானாம், கூடக் குளித்தவர்கள் ஓடிவந்துவிட்டார்களாம், அதில் தானும் ஒருவன் என்று சொன்னார். வலது காது மந்தமாகிவிட்டது, வாடிக்கையாளர் சொல்வது பாதிதான் விழுகிறது, தலையை ஆட்டிச் சமாளிக்கிறேன் என்று சொன்னார். மூன்று காலாகப் பிரித்த முடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே, கடைச் சரக்கு விலை சொல்வதைப் போலச் சொல்வார். அவள் சுவரைப் பார்த்து "ம்" என்பாள். பின்னல் முடியும், ரப்பர் விழும், பேச்சு நிற்கும். அவள் எழுந்து திரும்பும்போது அவர் தேநீர்க் கோப்பையோடு கூடத்துக்குப் போயிருப்பார். அந்த எறும்பு வெடிப்பைப் பார்த்தாலே அவளுக்கு இப்போதும் அவர் குரல் கேட்கும்... பைத்தியம்தான், வெடிப்புக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம்?

தைப்பூசம் கழிந்த ஒரு நாள். முதல் நாள் தலைக்குக் குளித்த ஈரம் உள்ளே இருந்து சிக்கு விழுந்திருந்தது, கடையில் லாரி வந்து நிற்கிறது, தொலைபேசி விடாமல் அடிக்கிறது, சீப்பு ஒரே இடத்தில் நின்று நின்று இழுத்தது. "இவ்ளோ முடிய வச்சுக்கிட்டு என்னதான் செய்யப்போறே, வெட்டிட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சலிப்பாகத்தான் சொன்னார். எல்லாரும் சொல்வதுதான், சலிப்பில் யார் என்ன சொல்லவில்லை? ஆனால் இரண்டு பேருக்கும் என்றாரே. தான் மட்டும் அந்த நேரத்தை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவைத்திருக்க, அவர் அதை ஒரு வேலையாகச் சுமந்திருக்கிறாரா என்று நாள் முழுதும் அலுவலகத்தில் கணக்கு வேலைக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேயிருந்தாள். மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் பிரேமலாவின் முடிதிருத்தகத்துக்குள் நுழைந்தாள். "அலமாக், நெசமாவாக்கா? வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று பிரேமலா கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "தலை என்னோடதுதானே," என்றாள் விசாலி. "அதுக்கில்லக்கா. வெட்டினப்புறம் அழுவாங்க சில பேரு, நான்தான் உக்கார வச்சுத் தேத்தண்ணி வாங்கிக் குடுக்கணும்." அவள் அழவில்லை. தலை சட்டென்று கனம் குறைந்து மேலே மிதப்பதைப் போல இருந்தது, யாருடையதோ போன்ற ஒரு கழுத்து கண்ணாடியில் தெரிந்தது. காதோரம் நிற்கும்படி வெட்டச் சொன்னாள். பாதி வேலை செய்வது அவளுக்குப் பிடிக்காது.

மெய்யப்பன் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. லேசா இருக்கும்," என்றார், கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். தான் எதை எதிர்பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, திட்டுவார் என்றா, வருந்துவார் என்றா... எதுவும் நடக்கவில்லை, ரசம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். மறுநாள் விடியலில் அவள் பழக்கத்தால் அதே நாற்காலியில் தேநீரோடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் காலடி வந்தது. நின்றது. கிர்ரென்று சீப்புப் பற்களின் சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், அவளும் மறந்துவிட்டாள், அதுதான் உண்மை, அந்தச் சத்தத்துக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. பிறகு ஒன்றுமில்லை. அவள் திரும்பவில்லை. சீப்பை அலமாரியில் வைக்கும் சத்தம், மெதுவாக, கண்ணாடிப் பொருளை வைப்பதைப் போல வைத்த சத்தம். காலடி போய்விட்டது. அன்று முதல் அவர் விடியலில் நேராகக் கூடத்துக்குப் போய்ச் செய்தித்தாள் படிக்கிறார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், உப்புப் போதுமா, போதும்.

அன்றே முடிவு செய்தாள், வளர்க்க வேண்டும் என்று. யாரிடமும் அப்படிச் சொல்ல முடியுமா? சாருமதிக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், கல்யாணப் படத்தில் மொட்டைத் தலையோடா நிற்பது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள், அது நம்பும்படியாக இருந்தது. காதை மறைத்தது, கழுத்தில் குத்தியது, ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் வெளியே விரிந்துகொண்டு நின்றது. "நுனியக் கொஞ்சம் எடுத்து விடட்டுமா, ஷேப்பா இருக்கும்," என்று பிரேமலா ஒவ்வொரு முறையும் கேட்பாள், ஒரு நூல்கூட எடுக்கவிடாமல் எழுந்து வந்துவிடுவாள். முடி வளர்வதை உட்கார்ந்து பார்க்க முடியாது, பார்க்கும்போது அது வளர்வதே இல்லை... ஆனால் தோள் முந்திக்கொண்டது, அதை என்னவென்று சொல்வது, தோள் அவளைக் கேட்காமலேயே விட்டுவிட்டது. தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஃபரீஹா, அவள் கையைப் பிடித்து மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, "பாருங்க ஆன்ட்டி, நான் புடிக்கவே இல்ல, நீங்களாத்தான் தூக்குறீங்க லா. இனிமே வரவேண்டாம், அங்கிளுக்கு லீவு குடுங்க," என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், முன்பு எப்போதோ அங்கிள்தான் பின்னிவிடுகிறார் என்று விசாலியே சொல்லியிருந்தாள். காரில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. கை சரியாகிவிட்டால் அவர் எதற்கு? முடி வளர்ந்து பின்னலுக்கு எட்டும் நாளில், நீயே போட்டுக்கலாமே என்று அவர் சொல்லிவிட்டால், இவ்வளவும் எதற்கு வளர்த்தது? ஆகவே சொல்லவில்லை. அவர் எதிரில் கையைப் பாதியோடு நிறுத்திக்கொண்டாள், மேல்தட்டுச் சாமான்களுக்கு அவரை ஏறவிட்டாள். நடிப்பு என்று ஒருநாளும் தோன்றவில்லை. இன்று அவர் முக்காலியில் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்கும்வரை.

"ம்மா, ஒரே ஜாம், பாலத்துல எறங்கி நடந்துட்டேன், செருப்பெல்லாம் தண்ணி," என்று சாருமதி குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள், முகத்தைக் கழுவி, தாவணி இல்லாததற்கு ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு பிள்ளையார் முன்னால் உட்கார்ந்தாள். தாயை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "என்னம்மா முடி இது, ஹெல்மெட் கழட்டின மாதிரி இருக்கு. கிளிப் குத்திக்கிட்டு வாங்க, நெருப்புக் கிட்ட வரப்போறீங்க."

"எனக்குக் கை எங்க எட்டுது," என்றாள் விசாலி. சொல்லிவிட்டு அவரைப் பார்க்கவில்லை.

"நான் குத்திவிடறேன், இருங்க."

"வேணாம், நேரமாச்சு. நெய் உறைஞ்சிரும்." ஏன் வேண்டாம் என்றாள்? மகள் குத்திவிட்டால் என்ன குறைந்துவிடும்... அவள் கை அந்தத் தலையில் படுவதுகூட வேறொருவருடைய இடத்தில் படுவதாகத் தோன்றியதா, அல்லது ஒரு பொய்க்கு மகளையும் கூட்டுச் சேர்க்க வேண்டாம் என்றா? மெய்யப்பன் தலை குனிந்தபடி திரிகளை ஒவ்வொன்றாக மாவில் செருகிக்கொண்டிருந்தார். முதல் இழையை ஏற்றித் தாம் எடுத்துக்கொண்டார், சுடர் வாய்க்குள் போய் மறைந்தது, கண்ணை மூடி மென்று விழுங்கினார். அடுத்தது விசாலிக்கு. தட்டுக்கு மேலாக அவர் நீட்டினார், அவள் வாங்குவதற்கு முன்னால் குனிந்தாள், குனிந்தபோது இரண்டு பக்கத்து முடியும் ஒருசேரத் திரை போல முன்னால் சரிந்தது.

சத்தம் சிறியதுதான், எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போல. நாற்றம்தான் முதலில் தெரிந்தது. அவள் வலது கை, காதுக்கு மேலே ஏறாத அந்தக் கை, யாரையும் கேட்காமல் பறந்துபோய் உச்சந்தலையைத் தாண்டி, முடியை மொத்தமாகப் பற்றிப் பின்னுக்கு இழுத்தது. அதே நேரத்தில் மெய்யப்பனின் இடது கையும் அங்கே வந்திருந்தது, அவள் விரல்களுக்கு மேலே அவருடைய விரல்கள். அவருடைய வலது கையில் இழை அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே முழுதாகத் தூக்கிய தன் முழங்கை அவர் முகத்துக்கு நேராக இருப்பதை விசாலி பார்த்தாள். அவரும் அதைத்தான் பார்த்தார். "வாங்கிக்க, அணையப்போவுது," என்றார். மற்றக் கையால் வாங்கி, மறுபடி வலக் கைக்கு மாற்றி, எரிந்ததை அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள், வெல்லமும் நெய்யும் சூடும், நாக்கில் ஒரு கணம் நெருப்பு, பிறகு இருட்டு. "பிள்ளையாருக்கு முடிகாணிக்கையும் குடுத்தாச்சு," என்றாள் சாருமதி, அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பொரியும் வடையும் தின்று முடித்துச் சாருமதி மாடிக்குக் குளிக்கப் போன பிறகு, மெய்யப்பன் சமையலறைக்கு வந்தார். பழைய சீப்பு கையில் இருந்தது, சின்னக் கத்தரியும். "உக்காரு, பொசுங்கினத எடுத்துவிடறேன்." அதே நாற்காலி, அதே சுவர், எறும்பு வெடிப்பு. கிர். முதுகு நிமிர்ந்தது. சுருண்டு கருகிய நுனிகளை அவர் வெட்டி வெட்டித் தரையில் விழவிட்டார், சீவினார், நாற்றம் சீப்பில் ஏறியது. சுவரைப் பார்த்தபடி, சொல்வது தன் வாய்தானா என்று தெரியாமல் அவள் சொன்னாள், "கை இப்ப பரவால்லைங்க."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"போன மாசம். கொடியில துணி போட்டுக்கிட்டு இருந்தே, போர்வையெல்லாம் ஒதறிப் போட்டே. கார்லேருந்து பாத்தேன்."

"சொல்லலையே நீங்க."

"நீயும்தான் சொல்லலை."

தெரிந்துகொண்டேதானா முக்காலியில் ஏறினார்? தாம்பாளத்தை எடுத்துத் துடைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாரே... அவள் கழுத்தில் அவர் விரல் பட்டது. முடியை மூன்றாகப் பிரிக்கிறார். பிரிப்பதற்கு இடமே இல்லை, இரண்டு மடிப்பு போட்டதும் நழுவுகிறது, மறுபடி சேர்க்கிறார், நழுவுகிறது. விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது பின்னாலிருந்து, கடைச் சரக்கு விலை சொல்லும் அந்தக் குரலில், "வசந்தன் கடைய விட்டு விலகிக்கறேன்கறான்," என்றார். வசந்தன் அவருடைய கூட்டாளி, கடை தொடங்கிய நாளிலிருந்து.

"எப்பச் சொன்னாரு?"

"தீவாளிக்கு முன்னாடியே. தனியா என்னால முடியுமான்னு தெரியலை. காது வேற இப்படி."

தீபாவளிக்கு முன்னாடியே. அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்களே, அப்போதும் அவருக்குள்ளே இது இருந்ததா, உப்புப் போதுமா என்று கேட்டதற்குப் போதும் என்றாரே... முடி அப்போது கழுத்தளவுதான். இப்போது மட்டும் என்ன வளர்ந்துவிட்டது, பின்னலுக்கு எட்டவில்லையே, இருந்தும் பேச்சு வந்துவிட்டது. அப்படியானால் அவருக்கு வேண்டியிருந்தது முடி இல்லையா? வேண்டியிருந்தது அவளுடைய முதுகா, முகம் இல்லாத அவளா? இத்தனை மாதம் தான் எதை வளர்த்துக்கொண்டிருந்தாள்... அவரை மட்டும் சொல்வானேன், கை பரவாயில்லை என்பதை அவளும் சுவரிடம்தானே சொன்னாள். அந்த விடியல்களை நெருக்கம் என்று நினைத்து மூடி வைத்திருந்தாளே, நெருக்கம் என்றால் இதுதானா, இது மட்டும்தானா? இப்போது திரும்பிப் பார்த்தால் என்ன? தனியா என்னால முடியுமான்னு தெரியலை என்று சொல்லும் அந்த முகம் எப்படி இருக்கும், அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தால் குரல் நின்றுவிடுமோ?

அவள் கழுத்து கொஞ்சம் அசைந்தது.

"ஆடாதே," என்றார் அவர். நழுவிய முடியை மறுபடி முதலிலிருந்து ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தார்.

"சொல்லுங்க," என்றாள் விசாலி, சுவரைப் பார்த்து.